ரோஜாச் செடி விழுங்கிய மாத்திரைகள்

மாத்திரை எண்ணுகிற தொழிலில் நம்மை முதலில் வரவேற்பது நாய்தான். வீடு வீடாகக் காலிங் பெல் அடித்துப் பிழைத்த சக பாவிகளே, உங்களை வாய்விட்டுச் சிரிக்க வைக்கிறேன். ஆனால் இப்போது இல்லை. மாத்திரை மாதிரி, சாப்பாட்டுக்குப் பிறகு.

பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருந்த லீவு. தாதுச்சத்து மாத்திரை சாப்பிட்டால் வயதானவர்களுக்குப் புற்றுநோய் வராமல் தடுக்குமா என்று தாம்பரத்தில் ஒரு டாக்டர் பரிசோதித்துக்கொண்டிருந்தார். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்குச் சத்தே இல்லாத டூப்பு. யாருக்கு எது என்று விழுங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற எனக்கும் தெரியாது. சிட்லபாக்கம் முழுக்க சைக்கிளில் போய்ப் புதுப் பாட்டில் கொடுத்து, பழையதில் மிச்சத்தை எண்ணி எழுத வேண்டும். ஓய்வு நேரத்தில் அந்த டாக்டர் மாதிரியே பேசிப் பழகுவேன்: மூக்கால் ஒரு "ம்ம்ம்...", பிறகு "நல்லது, நல்லது."

எவர்சில்வர் டப்பா

முனியம்மாவும் வீட்டுக்காரரும் ஏரிப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். ஆளுக்கொரு பாட்டில் கொடுத்திருந்தேன். எண்ணப் போனால் இரண்டும் காலி; மாத்திரையெல்லாம் ஒரே டப்பாவில். கேட்டதற்கு, "ஒருத்தருக்கு நெசம், ஒருத்தருக்கு டூப்புன்னா வூட்ல சண்டை வராதா? அதான் கலந்துட்டேன்" என்றார் முனியம்மா.

இரண்டு பேரையும் லிஸ்டிலிருந்து அடிக்க வேண்டியதாயிற்று. என் மேலதிகாரி ஸ்டெல்லா மேடம் பேனாவை மூடினார்: "இன்னும் ஒருத்தர் கழண்டாலும் சிட்லபாக்கமே க்ளோஸ். உன் வேலையும்தான்."

மொட்டு விடாத தொட்டி

ரிட்டயர்டு ரயில்வே கார்டு கோவிந்தராஜன் சார் வீட்டில் மட்டும் கணக்கு ஒன்றுகூடப் பிசகாது. ஒருநாள் அவர் ரோஜாத் தொட்டியில் வெள்ளையாக என்னவோ தெரிந்தது. கிளறினேன், பாதி கரைந்த மாத்திரைகள். சார் அசரவே இல்லை.

"நானும் டெஸ்ட்தான் பண்றேன் தம்பி. ரெண்டு மாசமா செடிக்குப் போட்டேன், ஒரு மொட்டு இல்லே. எனக்கு வந்தது டூப்பு. அதை எதுக்கு நான் முழுங்கணும்?"

எட்டு மணி போன்

மேடத்திடம் சொன்னால் சார் கழன்றுவிடுவார், கூடவே நானும். மறுநாள் காலை எட்டு மணிக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவர் வீட்டுக்கு போன் போட்டேன். "ம்ம்ம்... கோவிந்தராஜன், மாத்திரை ஆச்சா?"

"இ... இதோ, ஆச்சு டாக்டர்!"

"வாயைத் திறந்து காட்டுங்க."

ரிசீவருக்கு நேராக, "ஆஆஆ..."

"நல்லது, நல்லது."

இருபது நாள் இதே பூஜை. தொட்டியில் புதிதாக ஒரு மாத்திரைகூட இல்லை. ஆனால் இவ்வளவு அக்கறையான டாக்டரை நேரில் போய் ஒரு வேளை டிபனுக்குக் கூப்பிட வேண்டும் என்று சாருக்குத் தோன்றும் என நான் கண்டேனா? இருபத்தோராம் நாள், "வாயைத் திறந்து காட்டுங்க" என்றேன். "ஆஆ" வரவில்லை. டம்ளர் வைக்கிற சத்தம். பின்னால் யாரோ மூக்கால், "ம்ம்ம்...?"

சார் நிதானமாகச் சொன்னார்: "டாக்டர், ஒரு நிமிஷம் லைன்ல இருங்க. டாக்டர் உங்ககிட்ட பேசணுமாம்."

நிஜ மாத்திரை யாருக்கு, டூப்பு யாருக்கு என்பதை எனக்குச் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்; டூப்பு டாக்டர் யார் என்பதற்கு மட்டும் அன்றைக்கே ரிசல்ட் வந்துவிட்டது.