கை பத்திரம்னு சொன்னவ

எம் பொண்டாட்டி ராக்குவுக்கு முடியலைங்கிற சேதி, கப்பல்ல மேலருந்து கீழ பேசுற குழாய் வழியாத்தான் எனக்கு வந்துச்சு. தனுஷ்கோடி ஜெட்டியில கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடி, பின்பக்கம் சுக்கான் இன்ஜினைச் சோதிச்சுக்கிட்டிருந்தேன். மேல சக்கரம் பிடிக்கிற காசிம் காக்கா குழாயில, "தம்பி, ஒங்க மச்சினன் வந்திருக்காரு. தங்கச்சிக்கு ரொம்ப முடியலையாம். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்களாம்"னாரு.

"மச்சினன் வந்திருக்காரு. தங்கச்சிக்கு ரொம்ப முடியலை. ராமநாதபுரம் ஆஸ்பத்திரி"ன்னு திருப்பிச் சொன்னேன். சுக்கான் வேலையில எதைக் கேட்டாலும் அப்படித்தான் பழக்கம். சொன்ன பெறகுதான் என்ன சொன்னேன்னு எனக்கே கேட்டுச்சு.

நீராவியை அடைச்சேன். சுக்கான் அசையாம ஆணி போட்டேன். "பூட்டியாச்சு, சக்கரத்தைத் தொடாதீங்க"ன்னு சொல்லி, காக்கா அதைத் திருப்பிச் சொல்ற வரைக்கும் நின்னுட்டுத்தான் ஏணியில ஏறுனேன். கை அதுபாட்டுக்குச் செஞ்சுச்சு.

நம்ம குவாட்டர்ஸ்ல அவளைத் தெரிஞ்சவங்க நெறைய பேரு இருக்கீங்க. பரமக்குடிக்குக் கெழக்க, வயக்காட்டு ஊருக்காரி. கல்யாணத்துக்கு முன்னாடி கடலையே பாத்ததில்லை. வீட்டாளுகளைக் கப்பல் பாக்க விட்ட அன்னைக்கு அவளையும் கூட்டிட்டுப் போனேன். சக்கரத்தைப் பாத்தா, பின்னாடி போயி சுக்கானையும் பாத்தா. "ஏ மாமா, இவரு இங்கன சுத்துறாரு. அது அங்கன கெடக்கு. கேட்டுச்சா இல்லையான்னு இவருக்கு எப்படித் தெரியும்?"ன்னா. பின்னாடி ஆள் நின்னு பாத்துச் சொல்லுவான், எதையும் திருப்பிச் சொல்லணும், சொல்லலைன்னா கேக்கலைன்னுதான் எடுத்துக்குவோம்னேன்.

காசிம் காக்கா சிரிச்சாரு. "எம் பொண்டாட்டி நாஞ் சொன்னதைத் திருப்பிச் சொன்னதே இல்லை தங்கச்சி. குடும்பம் கரை சேந்துக்கிட்டுத்தான் இருக்கு."

"அவுக சொல்றதை நீங்க திருப்பிச் சொல்லியிருப்பீக காக்கா"ன்னா ராக்கு.

அன்னையிலிருந்து வீட்டுலயும் அதே கூத்து. "தண்ணி கொண்டா"ன்னா, "தண்ணி கொண்டாரேன் சார்"னு வெறைப்பா நிப்பா. நான் கிளம்பும்போது அவ முறை. சுக்கான் சங்கிலியில விரலைக் குடுத்த ஒருத்தரை ஜெட்டியில பாத்ததுலருந்து, "கை பத்திரம்"பா. நானும் "கை பத்திரம்"னு சொல்லணும். சொல்லலைன்னா தூக்குச்சட்டி கைக்கு வராது.

இந்தத் தடவை கதிர் அறுப்புக்கு அவ அம்மா வீட்டுக்குப் போன எடத்துல காய்ச்சல் கண்டிருக்கு.

நானும் மச்சினனும் ஏறுன ரயிலு பாம்பன்ல நின்னுருச்சு. பாலத்துமேல காத்து பலமா இருக்குன்னு கைகாட்டி விழலை. மச்சினன் ஸ்டேஷன் மாஸ்டர்கிட்டக் கெஞ்சுனான். "காத்துக்கிட்ட நான் என்னப்பா சொல்ல"ன்னுட்டாரு. அவரு செஞ்சது சரி. அந்தக் காத்துல வண்டியை விடக்கூடாது. நானா இருந்தாலும் விட்டிருக்கமாட்டேன். அது தெரிஞ்சதால கோவப்படக்கூட வழியில்லாம ஒக்காந்திருந்தேன். ஜன்னல்ல தண்ணி தெரிஞ்சுச்சு. அக்கரையும் தெரிஞ்சுச்சு.

காத்து அடங்குன பெறகுதான் போய்ச் சேந்தோம். ஆஸ்பத்திரியில அவ கண்ணு தெறந்துதான் இருந்துச்சு. டாக்டர் மூளைக் காய்ச்சல்னாரு. "கையை மடக்கும்மா"ன்னாரு. மடக்கலை. "நீங்க பேசிப் பாருங்க"ன்னாரு.

"ராக்கு, நான் வந்துட்டேன்"னேன். நின்னு பாத்தேன். மறுபடி சொன்னேன். வால்வுலயோ சங்கிலியிலயோ கோளாறுன்னா எங்க பாக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. இங்கன கை வைக்க ஒரு எடம் இல்லை. மறுநாள் உச்சிப்பொழுதுல போயிட்டா. நான் வந்தது அவளுக்குக் கேட்டுச்சான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை.

காரியம் முடிஞ்சு டூட்டிக்கு வந்துட்டேன். இப்ப காசிம் காக்கா, சக்கரத்தைத் திருப்புறதுக்கு முன்னாடி குழாயில ஒண்ணு சேத்துச் சொல்றாரு: "கை பத்திரம் தம்பி." ராக்கு என்னைக்கோ அவர்கிட்டச் சொல்லி வச்சிருக்கா. அவ எனக்குன்னு விட்டுட்டுப் போனது அந்த ரெண்டு வார்த்தைதான்.

நான் திருப்பிச் சொல்ற வரைக்கும் அவரு சக்கரத்தைத் தொடமாட்டாரு. சில நாளு எனக்குக் கொஞ்சம் நேரமாகுது. அவரு ஒண்ணும் கேக்காம நிக்கிறாரு.