சாமியார் கல்

சிறுசேரி கம்பெனிகளிலும் பொத்தேரி ஹாஸ்டல்களிலும் டைல்ஸ் ஒட்டி ஒட்டியே பாதி ஆயுசை முட்டிபோட்டுக் கழித்தவன் சடையப்பன். செங்கல்பட்டில் பழைய மாதா கோயில் தரையை மாற்றும் வேலை அவனுக்குக் கிடைத்தபோது, அங்கே பெருக்கித் துடைக்கும் ரெஜினா, பூசைக்கு வருகிறவர்களைவிட இவன்தான் அதிக நேரம் முழங்காலில் நிற்கிறான் என்று கேலி செய்தாள்.

பீடத்துக்கு முன்னால் தரையில் ஒரு கருங்கல். கோயிலைக் கட்டிய வெள்ளைக்காரச் சாமியாரின் கல்லறை. எழுத்தெல்லாம் மிதிபட்டுத் தேய்ந்துபோய், இப்போது வெறும் 'சாமியார் கல்'. கைக்குழந்தையை அதன்மேல் ஒரு நிமிஷம் கிடத்தி எடுத்தால் நோய்நொடி அண்டாது என்பார்கள். வேதக்காரக் கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை, உள்கிராமத்து விவசாயக் குடும்பங்களும் தூக்கிவருவார்கள். சடையப்பனையே அப்படிக் கிடத்தி எடுத்திருக்கிறார்கள். கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளை இல்லாதபோது, பிறந்தால் முதலில் இங்கேதான் கொண்டுவருவேன் என்று அந்தக் கல்லிடம் அவன் வேண்டிக்கொண்டிருந்தான். இப்போது பெண் பிறந்திருந்தது. முப்பது நாள் கழியாமல் வாசப்படி தாண்டக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டதால் மனைவி வேண்டாவும் குழந்தையும் தாய்வீட்டிலேயே இருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, கல்லையும் சேர்த்து மூடிவிடச் சொன்னார் பங்குச் சாமியார் தேவசகாயம். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. போன வருஷம் ஒரு பெரியவர் அதன் விளிம்பில் தடுக்கி இடுப்பை முறித்துக்கொண்டார். கோயில் வரலாற்றைச் சுவரில் பளிங்கில் எழுதிவிடலாம் என்பது சாமியாரின் எண்ணம். மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்குள் வேலை முடிய வேண்டும்.

எதிர்த்துப் பேச சடையப்பனுக்கு வாய் வரவில்லை. வாசலிலிருந்து ஆரம்பித்து, ஓரமெல்லாம் முடித்து, கல்லைக் கடைசிக்குத் தள்ளினான். ஒரு நாள் சிமெண்ட் இறுகவில்லை என்றான். ஒரு நாள் டைல்ஸ் நிறம் ஒத்துவரவில்லை என்றான்.

"இன்னும் என்னப்பா?" என்றார் சாமியார்.

"லெவல் வர மாட்டேங்குது சாமி. கல்லு பேஜாரு பண்ணுது."

"நீ லெவல் பாத்துகினே இரு, மாதா தேர்ல ஏறி ஊரைச் சுத்திட்டு வந்துடுவாங்க," என்றாள் ரெஜினா.

முப்பது கழிந்த மறுநாள் காலையில் வேண்டா வந்தாள். கல்லை மூடப்போகிற சேதியை ஊரில் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. அதே ஷேர் ஆட்டோவிலிருந்து இன்னும் மூன்று பெண்கள், ஆளுக்கொரு கைக்குழந்தையோடு இறங்கினார்கள். வேண்டா குழந்தையைக் கிடத்தினாள். கல்லின் குளிர்ச்சி பட்டதும் அது வீறிட்டு அழுது, கல்லை நனைத்தும் வைத்தது. சத்தம் கேட்டுச் சாமியார் வந்து நின்றார். சடையப்பன் பூச்சுக் கரண்டியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"உன்ன இதும்மேல போட்டு எடுத்ததாலதான் கல்லு மாதிரி கீற," என்றாள் வேண்டா. "சாமிகிட்ட சொன்னா இன்னா, கடிச்சா முழுங்கிடுவாரு?"

"வேண்டுதல் சாமி," என்றான் அவன். "அதுக்குத்தான் இழுத்துகினு இருந்தேன். முடிஞ்சிபோச்சு. மத்தியானமே மூடிடறேன்."

சாமியார் வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தார். "மூடிட்டா, அடுத்த வருஷம் பொறக்கிறதை எங்கே போடுவாங்க? சுவத்துலயா?" குனிந்து கல்லின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "யாரும் தடுக்காத மாதிரி சுத்தி ஒட்ட முடியுமா, சடையப்பா?"

முடியும் என்றான். சுற்றிலும் கலவையை உயர்த்தி, டைல்ஸை வெட்டி வெட்டி ஒட்டினான். அதுவரை பொய்யாகச் சொன்னது நிஜமாயிற்று: லெவல் வரவேயில்லை. கல் ஒரு நூல் அளவுக்குப் பள்ளமாகவே நின்றுவிட்டது.

துடைக்கும்போதெல்லாம் அங்கே தண்ணீர் தேங்குகிறதென்று ரெஜினா இன்றைக்கும் திட்டுகிறாள். மகளோடு சடையப்பன் கோயிலுக்கு வந்தால், முதல் வேலையாகத் துணியை அவன் கையில் கொடுத்துவிடுகிறாள்.