ஒற்றைக் குரலுக்குப் பதில்

முந்தாநாள் காலையில் ஜீப்பு ஸ்டாண்டிலிருந்து பழைய கூட்டாளி ஒருவர் போன் செய்தார். “அண்ணே, நம்ம மரகதம் அக்கா போயிட்டாங்க.” குரங்கணி மலையில் மேகம் இறங்கியிருந்தது.

போடி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அக்கா, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மனம் கலங்கியவர்களின் வீடுகளைத் தேடித்தேடிப் போனவர். ஓய்வு பெற்ற பின்னும் போனார். அவரைத் தெரிந்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் பஸ் ஸ்டாண்டில் “பைத்தியங்களைக் குணமாக்கிய அன்னை” என்று சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். பைத்தியம் என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. குணமாக்கினேன் என்றும் அவர் சொன்னதில்லை. “சுகர்காரன் மாத்திரையப் போட்டுக்கிட்டுச் சோலியப் பாக்கலையா? அது மாதிரிதான்” என்பார். சுவரொட்டியைக் கிழிக்கச் சொன்னேன். கிழிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் குரங்கணிக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டினேன். என் மனைவி செல்லத்தாய் மேலே எஸ்டேட்டில் ஏலக்காய் எடுத்தாள். ஏலச்செடி ஆளை மறைக்கும். காய் செடியின் அடித்தூரில் கிடக்கும். குனிந்தவளுக்குப் பக்கத்து ஆள் தெரியாது. மேகமும் சேர்ந்துகொண்டால் தன் கையே மங்கிப்போகும். அதனால் பெண்கள் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்தபடியே நகர்வார்கள். ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒற்றையாக வரும் குரலுக்குப் பதில் கொடுக்கக் கூடாது. பேய் ஒரு தடவைதான் கூப்பிடுமாம்; மனிதர் என்றால் மறுபடி கூப்பிடுவார்.

ஓர் ஐப்பசியில் செல்லத்தாய் ஒற்றைக் குரலுக்குப் பதில் கொடுத்துவிட்டாள் என்றார்கள். அதன்பின் அவளுக்கு வீட்டிலும் குரல் கேட்டது. தூக்கம் போயிற்று. சுவரோடு பேசினாள். மலை பிடித்துவிட்டது, இனி ஏறினால் திரும்ப மாட்டாள் என்று என் மாமியார் அவளைத் தன் ஊரான ராசிங்காபுரத்துக்குக் கூட்டிப்போய் உள்ளறையில் பூட்டி வைத்தார்.

அக்காவை அங்கே அழைத்துப் போனேன். கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார்.

“என்ன சொல்லுது ஆத்தா, அந்தக் குரலு?”

செல்லத்தாய் நிமிர்ந்தாள். அதுவரை அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. “வா வான்னு கூப்பிடுது.”

“எங்க?”

“அதச் சொல்ல மாட்டேங்குது.”

“எங்கன்னு சொல்லாத ஆளோட யாராச்சும் போவாங்களா?”

அவள் சிரித்தாள். வாசலில் நின்ற மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

ஊசியும் மாத்திரையும் தொடங்கின. அடுத்த காய் எடுப்புக்குள் தூக்கம் வந்துவிட்டது. மலைக்குப் போக வேண்டும் என்றாள் செல்லத்தாய். மாமியார் மறித்தார். போகட்டும் என்றார் அக்கா. “பூட்டி வச்சா என் ஊசி என்ன செய்யும்?” பிறகு அவளிடம் சொன்னார்: “குரல் கேட்டா, உனக்கும் கேட்டுச்சான்னு பக்கத்து ஆளக் கேளு. உனக்கு மட்டும் கேட்டிருந்தா அது ஒத்தக் குரல். பதில் குடுக்காத. உங்க வழக்கம்தான?”

எனக்குக் கோபம் வந்தது. நானாக எழுத்துக்கூட்டிப் படித்து, பேய் இல்லை என்று அறிந்தவன் நான். “பேய்க் கதைக்கு நீங்களும் ஒத்து ஊதுறீங்களா?” என்றேன்.

“உன் அறிவ ஜீப்புல வச்சுக்க அப்பு. அவளுக்குத் தெரிஞ்ச பாதையிலதான் அவ நடந்து வர முடியும்.”

இன்றும் எனக்கு அதில் உடன்பாடில்லை. நோய் என்றால் நோய் என்றே சொல்லியிருக்க வேண்டும்.

அவள் மலையேறிய அன்று என்னைப் பின்னால் போகக் கூடாது என்று அக்கா தடுத்துவிட்டார். லீவு போட்டு வந்திருந்த அவரும் நானும் குரங்கணியில் ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தோம். மேலே மேகத்துக்குள் குரல்கள் எழுந்தன, கரைந்தன. எங்கோ ஒருத்தி கூப்பிட, எங்கோ ஒருத்தி பதில் கொடுத்தாள். எது செல்லத்தாயின் குரல் என்று பிரிக்க முடியவில்லை. சில நேரம் எல்லாமே அவள் குரலாகத் தோன்றின. சில நேரம் எதுவுமே மனிதக் குரலாகத் தோன்றவில்லை. நேரம் நகர்ந்ததா நின்றதா என்று தெரியவில்லை. அக்காவும் பயந்துதான் இருந்தார் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் வெண்மைக்குள்ளிருந்து பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கடைசியாகச் செல்லத்தாய். சேலையெல்லாம் பச்சைக்காய் வாசம்.

“கூப்பிட்டுச்சுக்கா. பக்கத்து ஆளுக்குக் கேக்கலையாம். நான் பாட்டுக்குக் காய் எடுத்தேன்.”

“பசிக்குதா?”

“ரொம்ப.”

“வண்டிய எடுப்பா, வெரசா” என்றார் அக்கா.

அதன்பின் பல வருஷம் செல்லத்தாய் மலையில் வேலை பார்த்தாள். குரல் அடியோடு நிற்கவில்லை. அதனால்தான் குணமாக்கினார் என்று எழுதாதீர்கள் என்கிறேன். அவர் செய்தது அதைவிடப் பெரிய காரியம்.

அவருடைய வழியை நான் ஏற்கவில்லை. அவருடைய கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன். செய்தி வந்த அன்று உள்ளே போய்ச் செல்லத்தாயிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பாமலே, “தெரியும். விடியயில வந்து சொல்லிட்டுத்தான் போனாங்க” என்றாள். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டேன். பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

“என்ன சொன்னாங்க?”

“‘உன் வீட்டுக்காரன் இன்னும் எங்கூடச் சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருப்பான், நீ கண்டுக்காத’ன்னாங்க.”