பொடிசின் தாகம்

சலூன்காரரின் மகளை எல்லோரும் பொடிசு என்றுதான் கூப்பிட்டார்கள். நாலு வயது முடிந்தும் இரண்டு வயதுக் குழந்தையின் உயரம்தான். குடிக்கிற தண்ணீருக்கு மட்டும் கணக்கே கிடையாது. கடைக்கு வருகிறவர்கள் தலையில் தெளிக்க வைத்திருக்கும் தண்ணீர் பாட்டிலையும் விடமாட்டாள். மூடியைத் திருகி மடமடவென்று குடித்துவிடுவாள்.

"உம் பொண்ணு தண்ணி லாரியையே காலி பண்ணிடுவா போலிருக்கே" என்பார்கள் முடிவெட்ட வந்தவர்கள். சலூன்காரரும் சேர்ந்து சிரிப்பார்.

சர்க்கரை வியாதியோ என்று சோதித்தார்கள், இல்லை. சத்துக் குறைவு என்று டானிக் கொடுத்தார்கள். கால்கள் வளைய ஆரம்பித்தன. வெயிலில் இறங்கினால் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அதற்காகத்தான் கண் டாக்டரிடம் போனார்கள். அந்த டாக்டர் அம்மாள் கருவி வழியாகக் குழந்தையின் கண்ணைப் பார்த்துவிட்டு, சலூன்காரரையும் பார்க்கச் சொன்னார். உள்ளே கண்ணாடித் தூள் மாதிரி ஏதோ மினுங்கியது.

"அழகா இருக்கே" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார் சலூன்காரர்.

அங்கிருந்து சிறுநீரக டாக்டரிடம் அனுப்பினார்கள். "சிஸ்டின்னு ஒண்ணு. புரதத்துல இருந்து வர்றது. நம்ம உடம்பு செல்லுங்க அதை வெளியே தள்ளிடும். இவளுக்கு அந்த வழி அடைச்சிருக்கு. உள்ளேயே சேர்ந்து படிகமாயிடுது. மொதல்ல கெடுறது சிறுநீரகம். தண்ணியும் சத்தும் அப்படியே வெளியே போயிடுது. அதான் இந்தத் தாகம்."

"எங்க ரெண்டு வீட்லயும் யாருக்கும் இப்படி இல்லையே டாக்டர்" என்றாள் மனைவி.

"உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒளிஞ்சிருந்திருக்கும்மா. ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் வந்திருந்தா இவளுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

வீடு திரும்பும்போது பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மனைவி சொன்னாள்: "யார் மேலயாவது கோபப்படலாம்னு பாத்தா, அதுக்கும் வழியில்லாம போச்சு."

டாக்டர் எழுதிக் கொடுத்தது, ஆறு மணிக்கொரு தரம் தூக்கத்திலும் எழுப்பிக் கொடுக்க வேண்டிய மருந்து. கெடுவதைத் தள்ளிப்போடும், கெட்டுப்போனதைத் திருப்பித் தராது. அதைச் சாப்பிட்டால் வாயிலும் தோலிலும் அழுகின முட்டை வாடை அடித்தது. வாடிக்கைக்காரர்கள் சிலர் வேறு கடைக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் அவள் பக்கத்து இடம் காலியானது.

"அப்பா, எம்மேல நாறுதா?"

கத்தரிக்கோல் நின்றது. நாற்காலியில் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாடா கண்ணு. மருந்து வாடை."

"அப்ப மருந்து வேணாம்."

"வேணும்."

அன்று முழுக்க அவள் அப்பாவோடு பேசவில்லை. மருந்தை மட்டும் விழுங்கினாள்.

பன்னிரண்டு வயதில் இரண்டு சிறுநீரகமும் நின்றுபோயின. அம்மா ஒன்றைக் கொடுத்தாள். அதில் இந்தப் படிகம் வந்து கெடுக்காதாம். ஆனால் கண்ணிலும் தசையிலும் சேர்வது நிற்கவில்லை; பளிச்சென்ற வெளிச்சம் பட்டால் கண் கூசி வலிக்கும். அவள் கடைக்கு வருகிற நாட்களில் சலூன்காரர் கண்ணாடிக்கு மேலே உள்ள விளக்குகளை அணைத்துவிட்டு, வாசல் வெளிச்சத்திலேயே முடி வெட்டுகிறார்.