மருந்து மிஷின் சார்ஜரில் மாட்டிக்கொண்ட ராஜா

சமரீனிடம் எந்தச் சாமானைக் கொடுத்தாலும் முதலில் மோந்து பார்ப்பாள். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த மொபைல் சர்வீஸ் கடையில், முன்னால் உட்கார்ந்து வாய் பேசுவது அண்ணன் சோஹைல். உள்ளே மேஜை விளக்கின் கீழே குனிந்து கிடப்பது இவள். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் இவளுக்கும் ஒத்துவராமல் போனது. அப்புறம் கையில் கிடைத்த செத்த போன்களையெல்லாம் பிரித்துப் போட்டாள். பாதி பிழைத்தன. மீதியைப் பற்றி அவள் பேசுவதில்லை.

சனங்கள் பொய் சொல்வார்கள், போர்டு சொல்லாது என்பது அவள் கட்சி. தண்ணீர் சொட்டச் சொட்டப் போனைக் கொண்டுவந்து, "தண்ணியே படலீங்க" என்று சத்தியம் பண்ணுகிறவர்களிடம், "அப்ப இதுக்கு வேர்த்துடுச்சுங்களா?" என்று முகம் மாறாமல் கேட்பாள். சோஹைல் தலையில் அடித்துக்கொள்வான்.

அன்று காலை நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து கிருஷ்ணப்பனும் அவர் பெண்சாதி குள்ளம்மாளும் வந்தார்கள். ஒரு பழைய வீடியோ கேமராவைத் துண்டில் சுற்றி, காய்ச்சல் கண்ட குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்திருந்தார் கிருஷ்ணப்பன்.

சமரீன் வாங்கி மோந்தாள். கருகல்.

"எதுல சொருகினீங்க ஐயா?"

"ஒண்ணும் பண்ணலம்மா. அதுவா போயிடுச்சு."

"அதுவாவே கருகியும் போச்சுங்களா?"

குள்ளம்மாளுக்கு அடக்க முடியவில்லை. "தக்காளிக்கு மருந்தடிக்கிற மிஷின் இருக்குதில்ல கண்ணு, அதோட சார்ஜர்ல போட்டாரு. பின்னு கச்சிதமா ஒக்காந்துச்சாம். பூச்சி செத்துச்சோ இல்லியோ, இது செத்துப்போச்சு."

"நீ சும்மா இரு."

மருந்து மிஷின் முதுகில் மாட்டுகிற பெரிய பேட்டரிச் சாமான். அதற்கான கரண்டு இந்தக் கேமராவுக்குள் போனால், சின்னப் பிள்ளை வாயில் குழாயைத் திறந்துவிட்ட கதைதான். கேமரா போர்டு போய்விட்டது. ஆனால் வீடியோ இருப்பது போர்டில் இல்லை. உள்ளே பிஸ்கட் அளவுக்கு ஒரு குட்டி ஹார்ட் டிஸ்க் இருந்தது, அதில்.

"இதுக்குள்ள என்னங்க இருக்குது?"

"எங்க ராஜா. காளை. எருது விடுற திருவிழாவுல ஓடுனது. செத்து ரொம்ப வருசமாச்சு. அது ஓடுனதை ஒருக்கா பாக்கணும்."

"எங்க ஓடுச்சு? ரெண்டு எட்டு வெச்சு வூட்டைப் பாத்துத் திரும்பிடுச்சு."

"ஓடுச்சுடி!"

இந்தச் சண்டை பழக்கப்பட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. சோஹைல் அவரை டீ குடிக்கக் கூட்டிப்போனான். ஆள் தலை மறைந்ததும் குள்ளம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"அதைப் புடிச்சது எங்க பொண்ணு கலைமதி. அப்ப பள்ளிக்கூடம் போயிட்டிருந்தா. தனக்குப் புடிச்சவனைக் கட்டிக்கிட்டு ஓசூருக்குப் போயிட்டா. அவ பேரை எடுத்தா இவரு சோத்தைத் தள்ளி வெச்சுட்டு எந்திரிச்சுருவாரு. இப்பத் திடீருன்னு மாட்டைப் பாக்கணுமாம். மாட்டையில்ல கண்ணு. வீடியோ முச்சூடும் அவ கத்திக்கிட்டே இருப்பா."

சமரீன் கேமராவைப் பிரித்து டிஸ்க்கை வெளியே எடுத்தாள். கிண்டல் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்து, திரும்பிப் போய்விட்டது.

அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற கன்வெர்ட்டரில் மாட்டினாள். கன்வெர்ட்டர் விளக்கும் சேர்ந்து அணைந்தது. மீட்டரை வைத்தால் விடாமல் கத்தியது. கரண்டு வருகிற இடமும் போகிற இடமும் டிஸ்க்கின் சொந்தப் போர்டில் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எங்கே என்பதுதான் கேள்வி. பெரிய சிப் என்றால் கதை முடிந்தது. கரண்டு நுழைகிற வாசலில் காவலுக்கு வைத்திருக்கும் குட்டி டயோடு என்றால் பிழைக்கும். அளவுக்கு மேல் கரண்டு வந்தால், தான் செத்து மற்றதைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை.

கிருஷ்ணப்பன் திரும்பி வந்து, கதவோரம் நின்றுகொண்டார்.

சமரீன் கொஞ்சூண்டு கரண்டு மட்டும் விட்டு, டிஸ்க் போர்டின் மேல் ஸ்பிரிட்டைத் தடவினாள். எது சூடாகிறதோ அங்கே முதலில் காயும். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். பெரிய சிப்பின் மேல் ஈரம் அப்படியே மினுங்கியது. வாசலோரம், எள்ளளவு கறுப்புப் பொட்டின் மேல் மட்டும் சட்டென்று காய்ந்தது.

"காவக்காரன்தான்" என்றாள் சமரீன்.

அதைச் சூடாக்கி இடுக்கியால் கிள்ளி எடுத்தாள். மீட்டர் வாயை மூடிக்கொண்டது.

"ஐயா, இப்பக் காவலுக்கு ஆளில்ல. மறுபடி எதையாச்சும் சொருகினா மொத்தமாப் போயிடும். காப்பி எடுத்துக் குடுக்கிறேன், இதைத் தொடாதீங்க."

"மிஷின் பக்கமே போவமாட்டேம்மா" என்றார். வாய் தவறி ஒப்புக்கொண்டதை அவரே கவனிக்கவில்லை.

சரியான கரண்டில் மாட்டி, டிஸ்க்கைக் காதோரம் வைத்தாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம் கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சுழற்சி.

முதலில் காப்பி எடுத்தாள். பிறகு ஓடவிட்டாள். மஞ்சள் பூசிய கொம்போடு காளை வந்தது. இரண்டு எட்டு வைத்தது. நின்று திரும்பிப் பார்த்தது. கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்பிள்ளை சிரிப்பும் கத்தலுமாக, "அப்பா! ராஜா உன்னைத் தேடுதுப்பா! நீ முன்னாடி ஓடுப்பா!"

வேட்டியை மடித்துக்கட்டிய ஒரு மனிதர் காளைக்கு முன்னால் ஓடினார். காளை ஆட்டுக்குட்டி மாதிரி அவர் பின்னாலேயே போனது. தெருவே சிரித்தது.

"பாத்தியா, ஓடுச்சு" என்றார் கிருஷ்ணப்பன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது எதிர்ச் சுவரை.

"ஓடுனது நீயி" என்றாள் குள்ளம்மாள்.

"இன்னொரு தபா போடும்மா."

போட்டாள். மறுபடியும் போட்டாள். பிறகு அவர் தொண்டையைக் கனைத்தார். "இதைப் போன்ல அனுப்ப முடியுமா?"

"யாருக்குங்க ஐயா?"

பெயர் சொல்லவில்லை. நம்பரைச் சொன்னார், தடுமாறாமல், கடகடவென்று. குள்ளம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். வீட்டில் எங்கேயும் எழுதி வைக்காத நம்பர் அது.

சமரீன் குள்ளம்மாளின் போனிலிருந்து அனுப்பினாள். பார்த்ததற்கான நீலக்குறி வந்தது. அவர் துண்டை உதறி மடித்தார், மறுபடி உதறினார். போன் அடித்தது. குள்ளம்மாள் கை நீட்டுவதற்குள் அவர் எடுத்துவிட்டார்.

சமரீன் எதற்கும் தேவையில்லாமல் சூடான காற்று ஊதுகிற ஹீட்டரைப் போட்டுவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள். அந்த இரைச்சலையும் மீறித்தான் கேட்டது.

"மாடு ஓடுச்சா இல்லியான்னு, நீயே உங்கம்மாளுக்குச் சொல்லு."