கட்டுப் போட்ட கைக்கு வண்டி அனுப்பிய மில்

போன வாரம் மருமகள் மார்க்கெட்டிலிருந்து காய்ந்த மல்லாட்டை வாங்கி வந்து மாடியில் கொட்டினாள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. உடைத்துத் தருகிறேன் என்று நானாகத்தான் போய் உட்கார்ந்தேன். நாலு கை உடைப்பதற்குள் தூசு மூக்கில் ஏறித் தும்மல் பிடித்துக்கொண்டது. "உங்களுக்கு எதுக்கு அத்தை இந்த வேலை?" என்று முறத்தைப் பிடுங்கினாள். தும்மலுக்கு நடுவே நான் சிரித்ததை அவள் பார்த்தாளோ என்னவோ. அந்தத் தூசு எனக்குப் பழைய சினேகிதம். என் முதல் உத்தியோகமே அதற்குள்தான்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்தில் மல்லாட்டை உடைத்துப் பருப்பெடுக்கும் மில் ஒன்று. அங்கே முதலுதவி செய்ய ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் பள்ளிக்கூடம் முடித்து, விழுப்புரத்தில் நடந்த முதலுதவி வகுப்பில் கட்டுப் போடக் கற்றுக்கொண்டிருந்தேன். வகுப்பில் நாங்கள் கட்டுப் போட்டுப் பழகுவதற்காகப் படுத்துக் கிடந்தவர் திடகாத்திரமான மனுஷர். அவருக்கு ரத்தமெல்லாம் வராது. மில்லில் முதல் நாளே ஒருவர் விரல் நசுங்கி வந்தார். ரத்தத்தைப் பார்த்ததும் நான்தான் மயங்கி விழுந்தேன். அடிபட்டவரே இன்னொரு கையால் எனக்குத் தண்ணீர் தெளித்தார். அதற்குப் பிறகும் என்னை "நர்சம்மா" என்று கூப்பிட்டார்கள் என்றால், அது அவர்களுடைய பெருந்தன்மை.

எனக்குக் கொடுத்த அறை அதற்கு முன் காலிச் சாக்கு போட்டு வைத்த இடம். டிஞ்சர் வாசனையும் சாக்கு வாசனையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் கடைசிவரை சண்டை போட்டன. அடிபட்டு வந்தால் மருந்து போட்டு, யாருக்கு, எங்கே, எப்படி என்று எழுதிவைக்க வேண்டும். இருமலுக்கு மட்டும் யாரும் வரமாட்டார்கள். மெஷின் பக்கம் வேலை செய்த பெண்கள் அத்தனை பேருக்கும் இருமல் இருந்தது. "அது மல்லாட்டை இருமலு நர்சம்மா, சீசன் முடிஞ்சா போயிடும்" என்பார்கள், விருந்துக்கு வந்திருக்கும் சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வது மாதிரி. நானும் எழுதியதில்லை. வேலையால் வரும் இருமலும் ஒரு காயம்தான் என்று அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அறைக்கு வெளியே ஒரு பெஞ்ச். கட்டுப் போட்டவர்கள் மறுநாள் வேலைக்கு வந்து அதில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நடக்க முடியாதவர்களுக்கு மில்லின் மாட்டு வண்டியே போகும். உட்கார்ந்திருந்ததற்குக் கூலியும் உண்டு. அடடா, எவ்வளவு நல்ல மேனேஜர் என்று நான் வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னேன். பல நாள் கழித்துத்தான் விஷயம் விளங்கியது. அடிபட்டவர் இரண்டு நாளுக்கு மேல் வேலைக்கு வராவிட்டால், ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கு எழுதி அனுப்பியாக வேண்டும். வந்து உட்கார்ந்துவிட்டால்? எழுத வேண்டாம். எங்கள் மில்லில் இருந்து எழுதிப் போனதே இல்லை.

மேனேஜர் நடராஜன் கெட்டவரில்லை. வயிற்றுப்புண்காரர். முதலாளியின் கார் சத்தம் கேட்டாலே ஒரு டம்ளர் மோர் குடிப்பார்.

இந்த ஏற்பாட்டில் மாட்டாத ஒரே ஆள் தனபாக்கியம். கிளியனூர் ரோட்டில் ஒரு சின்ன ஊரிலிருந்து நடந்தே வருவாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நாக்கு கொஞ்சம் கூர்மை. ஒரு நாள் காலை, மெஷினை ஓட்டும் நீளமான தோல் பெல்ட் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. புடவையை மீட்கப் போன கையும் கூடவே போனது. இஞ்சின் ஓட்டுபவர் கழியால் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து தள்ளிவிட்டதால் ஆள் பிழைத்தாள். முன்கை எலும்பு முறிந்துவிட்டது. அன்று நான் மயங்கவில்லை. பலகைத் துண்டு வைத்துக் கட்டினேன். "இறுக்கிக் கட்டுங்க நர்சம்மா, பொட்டலமா கட்டறீங்க?" என்று அந்த வலியிலும் அதட்டினாள். பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் வண்டி போனது. காலியாகத் திரும்பி வந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ போய் நல்ல வார்த்தை சொல்லி இட்டுகினு வாம்மா. நாளைக்கும் வரலன்னா பெரிய பேஜாரு. முதலாளி என்னை உரிச்சுடுவாரு."

அது எனக்கு முதல் வேலை. என்னால் காரியம் கெட்டது என்று பெயர் வந்தால் மறுநாளே என்னை வேண்டாம் என்பார்கள் என்ற பயம். வண்டியில் ஏறிப் போனேன்.

தனபாக்கியம் வீட்டுக்குள் பாயில் ராணி மாதிரி படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஒற்றைக் கையாலேயே கேப்பங்கூழ் கரைத்துக் கொடுத்தாள். நான் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தேன்.

"அக்கா, சும்மா வந்து பெஞ்சுல உக்காந்தா போதும். கூலி குடுத்துடுவாங்க."

"தெரியும். நான் வந்து ஒக்காந்துகினா, கை ஒடஞ்சதே இல்லன்னு ஆயிடும். பெல்ட்டு பாட்டுக்கு சுத்திக்கினு இருக்கும்."

"நீங்க இனிமே அந்தப் பக்கம் போக வேணாம்னு மேனேஜர்கிட்ட சொல்றேன்."

"நான் போவல. எங்க நாத்தனார்காரி போறாளே. என் எடத்துல செல்விய இல்ல நிக்க வெச்சிருக்காங்க!"

செல்வி அவள் கணவனின் தங்கை. பதினெட்டு வயது இருக்கும். இரண்டு பேருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பது மில்லுக்கே தெரியும்.

"உங்களுக்குத்தான் செல்வியக் கண்டாலே ஆவாதே அக்கா?"

"ஆவாதுதான். அதுக்காவ அவ கை போவணுமா? நாளைக்கு அவளக் கட்டிக் குடுக்க வாணாமா? இல்லன்னா காலம் பூரா என் தலமேல இல்ல ஒக்காந்துகினு இருப்பா!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வாசல்வரை வந்து, "மேனேஜரு கிட்ட ஒண்ணு சொல்லுங்க. நான் வேலைக்கு வந்தேன்னு அவுரு எழுதிக்கினா எழுதிக்கட்டும். அப்ப இந்த வூட்டுல படுத்துகினு இருந்த பொம்பள யாருன்னு இன்ஸ்பெக்டரே வந்து பாக்கட்டும்" என்றாள்.

காலி வண்டியில் திரும்பினேன். வழியெல்லாம் இதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று யோசித்து யோசித்து, கடைசியில் மேனேஜர் முன்னால் நின்றதும் அவள் சொன்னதை அப்படியே ஒப்பித்துவிட்டேன். அவர் வருகைப் பதிவைத் திறந்து வைத்திருந்தார். பேனா கையில் இருந்தது. என்னைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"எழுதும்மா. நடந்தத எழுது. தமிழ்லயே எழுது, நான் இங்கிலீஷ்ல மாத்திக்கறேன். மூணு வரி போதும்."

நான் மூன்று பக்கம் எழுதினேன். காலை வெயிலில் தொடங்கி, பெல்ட் வெடுக்கென்று இழுத்தது, செல்வி ஓவென்று அலறியது, முறத்தில் இருந்த பருப்பு தரையெல்லாம் சிதறியது என்று ஒன்றையும் விடவில்லை. மேனேஜர் முழுவதும் படித்தார். "யாரு அழுதாங்கன்னு இன்ஸ்பெக்டருக்கு எதுக்கும்மா? வெடுக்குன்னுக்கு இங்கிலீஷ்ல நான் எங்க போவேன்?" என்று வரி வரியாக அடித்துக்கொண்டே வந்தார். 'பெல்ட்டுக்கு மறைப்பு எதுவும் இல்லை' என்ற வரியில் பேனா நின்றது. வெளியே பெல்ட் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வரியை அவர் அடிக்கவில்லை. மோர் கொண்டுவரச் சொன்னார்.

சில நாளில் இன்ஸ்பெக்டர் வந்தார். பெரிய அதிகாரி ஜீப்பில் வருவார் என்று நாங்கள் எதிர்பார்த்திருக்க, தோளில் துணிப்பையோடு விழுப்புரம் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தார். அதிகம் பேசவில்லை. ஒரு சாக்குத் துண்டைக் கழியின் நுனியில் சுற்றி, ஓடுகிற பெல்ட்டும் சக்கரமும் சேரும் இடத்தில் நீட்டினார். கழி கையிலிருந்து பறந்து சுவரில் மோதி இரண்டாக உடைந்தது. முதலாளி, அவரையும் அறியாமல், இரண்டடி பின்னால் போனார். செல்வி தன் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதன் பிறகு இன்ஸ்பெக்டர் சொன்ன எதற்கும் யாரும் எதிர்ப்பேச்சு பேசவில்லை. மறைப்புப் போடும்வரை மெஷின் ஓடக்கூடாது என்றார். அவர் பஸ் ஏறுவதற்குள் தச்சரை அழைக்க ஆள் போனது.

மரச்சட்டமும் கம்பிவலையுமாக ஒரு கூண்டு வந்தது. பெண்கள் அதற்குக் கோழிக்கூண்டு என்று பெயர் வைத்தார்கள். பருப்பு வாங்க வரும் வியாபாரிகளிடம் முதலாளி, "நம்ம ஐடியாதான்" என்று அதைக் காட்டுவார். மேனேஜர் மறுக்கமாட்டார். தனபாக்கியத்துக்கு மட்டும் இன்ஸ்பெக்டர் மேல் ஒரு குறை. "தரையெல்லாம் மொழுகி வெச்சிருந்தேன். ஒரு எட்டு வந்து பாக்கலியே அந்த மனுஷன்!"

கை கூடியதும் வேலைக்கு வந்தாள். சற்றுக் கோணலாகத்தான் கூடியிருந்தது. ஆனால் பருப்புப் பொறுக்குவதில் பழைய வேகம். அவளும் செல்வியும் சேர்ந்து நடந்து வருவார்கள். சேர்ந்து என்றால், ஒருத்தி சாலையின் இந்த ஓரம், இன்னொருத்தி அந்த ஓரம். உப்பு யார் அதிகம் போட்டது, தண்ணீர் யார் எடுக்கவில்லை என்று வழிநெடுகச் சண்டை. சங்கு ஊதுவதற்கு முன்பே அந்தச் சத்தம் எங்களை எட்டிவிடும். "வந்துட்டாங்க, மணி ஆயிடுச்சி" என்று வாட்ச்மேன் கேட்டைத் திறப்பார்.

செல்வியை வளவனூரில் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணத்தில் அந்தக் கோணல் கையாலேயே எனக்குப் பாயசம் ஊற்றினாள் தனபாக்கியம். நானும் கல்யாணமாகி வேலையை விட்டேன். மில் நின்று எத்தனையோ வருஷம் ஆகிறது. இப்போது அங்கே டைல்ஸ் கடை. இன்ஸ்பெக்டர் யாரோ, எந்த ஊரோ. மேனேஜரும் போய்விட்டார், தனபாக்கியமும் போய்விட்டாள். அந்தக் கிளியனூர் ரோட்டில் இப்போது கார்களும் லாரிகளும் ஒரு நிமிஷம் ஓய்வதில்லை. இவ்வளவு இரைச்சலுக்கு நடுவே, முழுசாய் நாலு கையும் வீசிக்கொண்டு, இரண்டு பெண்கள் ஓயாமல் சண்டை போட்டபடி வேலைக்கு வரும் சத்தம் மட்டும் இல்லை.