ரஷீதாவின் மணிக்கட்டில் பழைய பெல்ட்

ரஷீதாவால் சும்மா இருக்க முடியாது. ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் ஆடும். கால் நின்றால் விரல் எதையாவது தேடும். தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் அவளுடைய மாமா கரீம் பாட்சா டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். மேசையில் வேலை பார்த்த சிராஜ் சவுதிக்குப் போய்விட்டான். வேறு ஆள் கிடைக்காததால்தான், திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்த தங்கை மகளை அந்த ஸ்டூலில் உட்கார வைத்தார். அவளுக்கோ அதை விட்டு எழுந்திருக்க மனமில்லை.

டேப்பைச் சுழற்றும் ரப்பர் பெல்ட்டை மாற்றுவதில் அவள் கெட்டிக்காரி. பழைய பெல்ட்டை அளந்து புதியது வாங்குபவர்கள் ஏமாந்துதான் போவார்கள். ரப்பர் இழுபட்டு நீண்டிருக்கும். ரஷீதா தையல் நூலை மோட்டார் சக்கரத்தையும் பெரிய சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றி, வெட்டி, ஸ்கேலில் நீட்டிப் பார்ப்பாள். அதைவிடக் கொஞ்சம் குட்டையான பெல்ட்டைப் போடுவாள். அப்போதுதான் பிடிப்பு இருக்கும். கழற்றிய பெல்ட்டை, சொந்தக்காரருக்குத் திருப்தி ஆகும்வரை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டியிருப்பாள்.

செம்பூர் சந்தியாகுவின் பெல்ட் மட்டும் கையை விட்டு இறங்கவே இல்லை. விக்ரோலியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் அவர், தம் பழைய ஜப்பான் மெஷினை இரண்டாம் தடவையாகத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"தங்கச்சி, பாட்டு ஓடல, பறக்குது. கூடப் பாடுத பொம்பளையளுக்குத் தொண்டை கிழியுது. நாளைக்கு மாதா திருவிழா. ஆர்மோனியக்காரரு ஊருக்குப் போயிட்டாரு. இந்தக் கேசட்டை நம்பித்தான் பாட்டே இருக்கு."

ரஷீதா மறுபடியும் சோதித்தாள். வேகம் பார்ப்பதற்கென்று ஒரே விசில் சத்தம் பதிந்த கடைக் கேசட்டை நல்ல மெஷின் ஒன்றிலும், அதன் ஜோடியை இதிலும் ஓட விட்டாள். இரண்டு விசிலும் ஒன்றாகக் கலந்தன. வேகம் சரி.

"இன்னொரு வாட்டி இது திரும்பி வந்துச்சுன்னா நீ ஸ்டூலை விட்டு எந்திரிச்சிரு" என்றார் பாட்சா. "காட்கோபர்லேர்ந்து ஆள் வரச் சொல்லுதேன்."

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. 'கேசட்டை எடுத்துக்கொண்டு மெஷினை மட்டும் தரவும்' என்று சுவரில் இருந்த போர்டு கண்ணில் பட்டது. ஒருவருடைய கல்யாணக் கேசட்டில் தவறுதலாக விசில் பதிந்த நாளிலிருந்து அதுதான் கடைச் சட்டம். சந்தியாகுவின் கேசட்டை அவள் கேட்டதே இல்லை.

"வாங்க அண்ணாச்சி, நானே வாரேன்" என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பாட்சா பின்னாலிருந்து கத்தியது காதில் விழவில்லை. சயானில் செம்பூர் பஸ் பிடித்தார்கள்.

வீட்டில் பாட்டுப் பழகப் பெண்கள் கூடியிருந்தார்கள். சந்தியாகுவின் மனைவி அன்னமேரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மாவே வந்தாச்சா? வைத்தியம் டேப்புக்கா, எங்க தொண்டைக்கா?"

கேசட் ஓடியது. ஆர்மோனியம் கீச்சிட்டது. பாட்டு முடிந்ததும், "சரி, அடுத்த பாட்டு" என்று ஒரு சின்னப் பையன் சொன்னான்.

"யாரு இந்தப் பையன்?"

"பையனா? அது நான்தாம்மா" என்றார் சந்தியாகு. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"எந்த மெஷின்ல பதிஞ்சீங்க?"

"இதுலதான். தவக்காலத்துல, நீ பெல்ட் மாத்துததுக்கு முந்தி."

ரஷீதாவின் விரல் மணிக்கட்டுக்குப் போனது. பழைய பெல்ட்டை நசுக்கிப் பார்த்தாள். யாரோ போட்ட மெல்லிய பெல்ட். நீளத்துக்கே நூல் பிடித்த அவள், தடிமனைக் கவனிக்கவில்லை. மெல்லிய பெல்ட்டில் டேப் மெதுவாக ஓடும். மெதுவாக ஓடிய மெஷினில் பதிந்த பாட்டு, சரியான வேகத்தில் பறக்கத்தானே செய்யும்?

மெஷினைத் திறந்தாள். மோட்டாரின் முதுகில் வேகத்துக்கான சின்ன ஸ்க்ரூ இருந்தது. அது நின்ற இடத்தில் அன்னமேரியின் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். சந்தியாகு சந்தியாகுவாகப் பேசும்வரை விடவில்லை. பெண்கள் கூடவே பாடினார்கள். யாருக்கும் தொண்டை கிழியவில்லை.

"மத்த கேசட் எல்லாம் இனிமே இழுக்கும் அண்ணாச்சி. திருவிழா முடிஞ்சதும் கடைக்குக் கொண்டாங்க, ஸ்க்ரூவைப் பழைய இடத்துல வச்சுத் தாரேன்." சொன்ன பிறகுதான் உறைத்தது: மூன்றாம் தடவை வரச் சொன்னது அவளேதான்.

கடைக்குத் திரும்பி மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"தப்பா ஓடுத மெஷினையா விட்டுட்டு வந்தே?"

"அவங்க பாட்டு சரியா ஓடுதே மாமா."

திருவிழா முடியும்வரை ரஷீதா ஸ்டூலின் நுனியிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தாள். ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் தலை நிமிர்ந்தது.

கடைசியில் சந்தியாகு மெஷினோடு வந்து நின்றார். "பாட்டு ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்றார். ரஷீதா தானாகவே எழுந்து நின்றாள். பாட்சா மெஷினை வாங்கி மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே காலி.

"கேசட் எங்கய்யா?"

"போர்டுல மெஷினை மட்டும் தரச் சொல்லி…"

"போர்டை எழுதுனவன் நான்தான். போய்க் கொண்டாரும். இந்த வேகத்துல ஓட விட்டு நல்ல மெஷின்ல ஒரு காப்பி எடுத்துட்டா, பெறவு எதுல போட்டாலும் பாட்டு சரியா வரும். அதுக்கப்புறம் ஸ்க்ரூவைத் திருப்பலாம்." அவர் ரஷீதாவின் பக்கம் திரும்பினார். "நீ என்னத்துக்கு நிக்குதே? நான் ஸ்க்ரூவைத் தொட்டா உம் புள்ளி அழிஞ்சிரும். உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். கால் ஆடத் தொடங்கியது.